பேராசிரியர்களின் பந்தாட்டச் சங்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கல்லூரிக் கால்பந்து உலகில் 'பிக் டென்' என்று இன்று விளங்கும் கூட்டமைப்பு, முதல் தரப் பந்தயங்களை நடத்தும் இத்தகைய ஸ்தாபனங்களுள் மிகப் பழையது என்பதையும், செல்வத்தில் அதற்கு நிகராக நிற்கத் தக்கவை ஒன்றிரண்டே என்பதையும் அந்நாட்டார் அனைவரும் அறிவர். ஆயினும், அதனைத் தோற்றுவித்தவர்கள் ஆட்டக்காரர்களோ, பயிற்சியாளர்களோ, பந்தயம் காண்பதில் மோகம் கொண்ட செல்வர்களோ அல்லர். ஆட்டத்தின் வேகத்தைக் கண்டு அஞ்சிய சர்வகலாசாலைத் தலைவர்களும் பேராசிரியர்களுமே அதற்கு மூல புருஷர்கள் என்பதை அங்கேயும் இன்று நினைப்பவர் சிலர்தாம். அந்த அச்சம் எத்துணை நியாயமானது என்பதை உலகுக்குக் காட்டிய பருவம் 1905ஆம் ஆண்டினுடையது. அச்சத்தைச் சட்டமாக்கிய ஆண்டு 1906. சட்டம் தளர்ந்து போவதற்கு அதன் பிறகு நெடுங்காலம் பிடிக்கவில்லை.

முதலில் அந்நாளைய ஆட்டம் எத்தகையது என்பதைச் சொல்லிவிடுவது நலம். பெயர் கால்பந்து என்றிருந்தாலும், அமெரிக்கர் ஆடுவது பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரிகளின் அணியைப் பிளந்து ஓடுகிற ஆட்டம். 1905இல் களத்தின் நீளம் 110 கஜம்; மூன்று முயற்சிகளுக்குள் 5 கஜம் முன்னேறினால் பந்து கையில் நிற்கும், இல்லையேல் எதிரிக்குப் போய்விடும். பந்தை முன்னோக்கி எறிவது விதிப்படி குற்றம் ஆதலால், முன்னேறுவதற்கு உடல் பலத்தைத் தவிர வேறு உபாயம் கிடையாது. பந்தை ஏந்தியவனைச் சகாக்கள் முன்னிருந்து இழுப்பதும், நிலையை விட்டு நகராத தேரைப் பின்னிருந்து நெம்பித் தள்ளுவது போலப் பின்னிருந்து தள்ளுவதும், எதிரே நிற்பவர்கள் ஒரே திரளாக விழுந்து அவனைத் தடுப்பதும் அன்றாட வழக்கம். அத்திரளின் அடியில் முஷ்டியும் முழங்காலும் என்ன செய்கின்றன என்பதை நடுவராலும் காண முடியாது. தலைக்கவசம் அணிவதும் அணியாததும் அவரவர் விருப்பம். எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைத்தால் 5 புள்ளி, கம்பத்துக்கு மேலே உதைத்து அனுப்பினால் 4 புள்ளி, எதிரியை அவனுடைய எல்லைக் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கி வீழ்த்தினால் 2 புள்ளி. கடைசியாகச் சொன்ன இந்த இரண்டு புள்ளியை வாசகர் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்தியானா மாநிலத்துப் பர்டியூ சர்வகலாசாலையின் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் என்பவர் விடுத்த அழைப்பின்பேரில், 1895 ஜனவரி 11ஆம் தேதி சிகாகோ நகரத்துப் பாமர் ஹவுஸ் ஹோட்டலில் ஏழு சர்வகலாசாலைத் தலைவர்கள் கூடினார்கள். மறு ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி அதே ஹோட்டலில் ஏழு சர்வகலாசாலைகளின் பேராசிரியப் பிரதிநிதிகள் கூடிக் கூட்டமைப்பை முறைப்படி நிறுவினார்கள். சிகாகோ, இல்லினாய், மிச்சிகன், மின்னசோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டியூ, விஸ்கான்சின் என்ற இவ்வேழும் ஆதி உறுப்பினர்கள்; இந்தியானாவும் அயோவாவும் 1899இல் வந்து சேர்ந்தன. அட்லாண்டிக் கரையிலிருந்து நோக்குவோருக்குச் சிகாகோவே மேற்குத் திசையாக இருந்த காலம் அது. ஆகவே 'மேற்குக் கூட்டமைப்பு' என்றே பத்திரிகைகள் இதனை வழங்கின. அவர்கள் வகுத்த ஆரம்ப விதிகளைப் படிக்கும்போது, தடுக்க முயன்ற தீமைகளின் ஜாபிதாவாகவே அவை தோன்றுகின்றன: ஆடுகிறவன் உண்மையாகவே மாணவனாக இருக்க வேண்டும்; படிப்பில் பின்தங்கியவன் ஆடலாகாது; ஆட்டத்துக்காகக் கூலி பெறலாகாது; பொய்ப் பெயரில் களம் இறங்கலாகாது; ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றில் சேர்ந்தவன் ஆறு மாதம் அங்கே தங்கிப் படித்த பின்பே அணியில் இடம் பெறலாம்.

இவ்விதிகளுக்கு நிர்ப்பந்தம் என்ன என்று கேட்பவருக்கு ஓர் உதாரணம் போதும். மேற்கு விர்ஜினியாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஃபீல்டிங் யோஸ்ட் என்ற வாலிபர் 1896இல் திடீரென்று பென்சில்வேனியாவின் லாஃபயெட் கல்லூரியில் 'மாணவராக'ச் சேர்ந்தார். நெடுநாளாகத் தோல்வியே அறியாதிருந்த பென்சில்வேனியா சர்வகலாசாலையின் அணியை லாஃபயெட் வீழ்த்திய அந்த ஓர் ஆட்டத்தில் பங்கு கொண்டார்; பிறகு பழைய கல்லூரிக்கே திரும்பிப் போய்ச் சட்டப் படிப்பைத் தொடர்ந்தார். அறிவின் மேல் கொண்ட தாகத்தால் அவர் லாஃபயெட்டுக்குப் போனார் என்று எவரும் சொல்லத் துணியவில்லை. இந்த யோஸ்ட்தான் ஐந்து ஆண்டுக்குள் மேற்குக் கூட்டமைப்பின் உறுப்பினராகிய மிச்சிகனுக்குப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார்.

பேராசிரியர்களின் சபைக்குள்ளேயே அவர்களுடைய நோக்கத்துக்கு மாறான ஒரு நோக்கம் ஆரம்பம் முதல் குடிகொண்டிருந்தது. அதற்கு இருப்பிடம் சிகாகோ சர்வகலாசாலை. எண்ணெய் வியாபாரத்தில் குபேர சம்பத்துப் படைத்த ராக்ஃபெல்லரின் பணத்தைக் கொண்டு வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் நிறுவிய அச்சர்வகலாசாலை 1892இல் வகுப்புகளைத் தொடங்கியபோதே அதில் ஒரு கால்பந்து அணியும் இருந்தது. ஹார்ப்பர் ஹீப்ரு மொழியில் பெரும் பண்டிதர்; கிறிஸ்தவ வேதத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர்; ஆயினும் பழம்பெருமை ஏதும் இல்லாத ஒரு புதிய கல்வி ஸ்தாபனத்தின் பெயரை நாடெங்கும் பரப்புவதற்குக் கால்பந்தைப் போன்ற சாதனம் வேறு இல்லை என்பதை எவரினும் முன்னதாகக் கண்டுகொண்ட சாமர்த்தியசாலி. யேல் சர்வகலாசாலையில் தமக்கு மாணவராயிருந்தவரும், மத போதகராக வேண்டும் என்று படிக்கத் தொடங்கிப் பிரசங்க மேடை தமக்கு ஒத்து வராது என்று கண்டவருமான அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் என்பவரை அவர் வரவழைத்தார். வரவழைத்துச் சரீரப் பயிற்சித் துறைக்குத் தலைவராக, பேராசிரியர்களுக்குரிய அந்தஸ்தோடும் நிரந்தரப் பதவியோடும் நியமித்தார். பயிற்சியாளர் ஒருவர் பேராசிரியர் வரிசையில் அமர்ந்தது பெரும் புதுமை. பேராசிரியர்கள் ஆட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற விதியைச் சிகாகோ அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிவிட்டது என்றும் சொல்லலாம். ஆட்டத்தைக் கட்டுப்படுத்திய பேராசிரியர் ஸ்டாக்தான் என்பது ஒன்றே குறை.

மிச்சிகனில் யோஸ்ட் செய்த அற்புதங்கள் எண்களிலேயே அடங்கும். 1901இல் அவருடைய முதல் அணி 550 புள்ளி எடுத்து எதிரிகளுக்கு ஒரு புள்ளியும் கொடுக்கவில்லை. 1902 புத்தாண்டு நாளில் கலிபோர்னியாவின் பாசடீனா நகரம் சென்று ஸ்டான்ஃபோர்டை 49 - 0 என்று முறியடித்தது. 1901 முதல் 1905 வரை ஐந்து பருவங்களில் மிச்சிகன் எடுத்த புள்ளிகள் 2,821, கொடுத்தவை 42. நிமிஷத்துக்கு ஒரு புள்ளி எடுப்பவர்கள் என்று பத்திரிகைகள் அவர்களைப் புகழ்ந்தன. இடையில் அவர்களைத் தடுத்து நிறுத்தியது ஒரே அணி. 1903இல் மின்னசோட்டா 6 - 6 என்று சமன் செய்தது. அந்த ஊரார் தண்ணீரில் ஏதேனும் கலந்துவிடக் கூடும் என்ற சந்தேகத்தால் யோஸ்ட் தம் உதவியாளரை அனுப்பி 30 சென்ட் விலையில் ஒரு மண் ஜாடி வாங்கச் செய்தார் என்றும், ஆட்டம் முடிந்த ஆரவாரத்தில் ஜாடியை அங்கேயே விட்டுவிட்டார்கள் என்றும், வேண்டுமானால் வென்று எடுத்துக்கொள்க என்று மின்னசோட்டாவார் சொல்லிவிட்டார்கள் என்றும் கதை வழங்குகிறது. அந்த ஜாடிக்காக இவ்விரு சர்வகலாசாலைகளும் இன்றும் மோதுகின்றன. அக்காலத்துப் பகைமைக்குள்ளும் இப்படிப்பட்ட குழந்தைத்தனம் சிறிது இருந்தது என்பதை எண்ணும்போது, நமக்கே அவர்கள் மேல் ஒரு பிரியம் உண்டாகிறது.

இனி 1905ஆம் ஆண்டுப் பருவத்துக்கு வருவோம். இக்காலத்துப் பந்தயப் பட்டியல்களைக் கண்டு பழகியவர்களுக்கு அந்தப் பருவத்தின் அமைப்பே விநோதமாகப் படும். யார் யாரோடு ஆடுவது என்று கூட்டமைப்பு ஒன்றும் விதிக்கவில்லை. ஒவ்வொரு சர்வகலாசாலையும் தனக்கு இசைந்த எதிரியைத் தானே தேடிக்கொண்டது. சிகாகோ கூட்டமைப்புக்குள் ஏழு ஆட்டம் ஆடியது. மிச்சிகன் மொத்தம் பதின்மூன்று ஆட்டம் ஆடியும் கூட்டமைப்புக்குள் ஆடியவை மூன்றே. ஒழுங்கை நிலைநாட்டக் கூடிய பேராசிரியர்கள் வெற்றிக் கிரீடம் ஒன்றை உண்டாக்க எண்ணியதே இல்லை. அந்தக் கிரீடத்தைச் செய்து, யார் தலைக்கு அது பொருந்தும் என்று வாரந்தோறும் விவாதித்து, ஜனங்களின் ஆவலை ஊதி வளர்த்தவை சிகாகோ நகரத்துப் பத்திரிகைகள்தாம்.

அவ்வாண்டு சிகாகோ அணியின் உயிர்நாடி வால்ட்டர் எக்கர்சால் என்ற சிறிய உருவம் படைத்த வாலிபர். சர்வகலாசாலைக்கு அருகில் இருந்த ஹைட் பார்க் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வந்த அவரைப் பெறுவதற்கு யோஸ்டும் ஸ்டாகும் போட்டியிட்டனர். ஓட்டத்திலும் உதையிலும் அவருக்கு இணையில்லை. படிப்பில் மட்டும் எதிர்த் திசையில் ஒப்பாரில்லாதவராக விளங்கினார். விஸ்கான்சினின் தலைநகராகிய மாடிசனுக்குச் சென்று ஆடிய ஆட்டத்தில் அவர் உதைத்த ஓர் உதையினால் சிகாகோ 4 - 0 என்று தப்பிப் பிழைத்தது. மற்றவை எளிதில் முடிந்தன: அயோவாவை 42 - 0, நார்த்வெஸ்டர்னை 32 - 0, இல்லினாயை 44 - 0 என்று சிகாகோ வீழ்த்தியது, கூட்டமைப்புக்குள் அதன் மேல் புள்ளி எடுத்தது இந்தியானா ஒன்றே, அதுவும் 5 புள்ளிதான். மிச்சிகனோ பன்னிரண்டு ஆட்டங்களில் 495 புள்ளி எடுத்து ஒரு புள்ளியும் கொடாமல், ஐம்பத்தாறு ஆட்டங்களாகத் தோல்வியே காணாத கர்வத்தோடு, நவம்பர் 30ஆம் தேதி, நன்றி நவிலும் நாளன்று, சிகாகோவில் வந்து இறங்கியது.

வணிக வேந்தர் மார்ஷல் ஃபீல்ட் அளித்த நிலத்தில் அவர் பெயராலேயே அமைந்திருந்த மைதானத்தில், கடுங்குளிரையும் பாராட்டாமல், 27,000 பேர் கூடியிருந்ததாகக் கணக்கு. புற்று நோயால் படுக்கையில் கிடந்த ஹார்ப்பர், தலைமாட்டில் தொலைபேசி வைத்து ஆட்டத்தின் போக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பர். நெடுநேரம் எந்தப் பக்கமும் புள்ளி எடுக்கவில்லை. இரு பக்கத்தாரும் பந்தை மாறி மாறி உதைத்துத் தள்ளி எதிரியின் பிழைக்காகக் காத்திருந்தனர். இரண்டாம் பாதியில் எக்கர்சால் உதைத்த பந்து மிச்சிகனின் எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்தபோது, அதைப் பிடித்த டென்னி கிளார்க் என்ற வாலிபர், அங்கேயே மண்டியிட்டு நின்றிருந்தால் தீங்கு ஒன்றும் விளைந்திராது. ஆனால் அவர் பந்தோடு வெளியே ஓடிவர முயன்றார். ஓடிவந்தவரைச் சிகாகோ வீரர்களாகிய பேடனாக்கும் காட்லினும் மோதித் தூக்கிக் கோட்டுக்குப் பின்னால் எறிந்தனர். இரண்டு புள்ளி! ஆட்டம் 2 - 0 என்றே முடிந்தது. 2,821 புள்ளி எடுத்த ஒரு மகா சைனியம் இரண்டு புள்ளியில் சாய்ந்தது. ஒரு புள்ளியும் எடுக்கவிடாமல் எதிரியைக் கட்டி நிறுத்திய சிகாகோவின் தற்காப்பைப் புகழ மறந்து, நாடு முழுவதும் கிளார்க்கின் பெயரைச் சொல்லித் தூற்றியது. இருபது வயதை ஒட்டிய அந்த இளைஞர் மேல் சுமத்தப்பட்ட பழி அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வந்தது. 1932இல் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். விளையாட்டில் நேரும் ஒரு கணத் தவறுக்கு ஊரார் இவ்வளவு பெரிய விலை கேட்பது தர்மமா என்ற கேள்விக்கு அன்றும் இன்றும் விளையாட்டு ரசிகர்கள் செவி சாய்ப்பதில்லை.

அதே நவம்பரில்தான் 'காலியர்ஸ்' என்ற வாரப் பத்திரிகையில், விஸ்கான்சினில் படித்தவரான எட்வர்ட் ஜார்டன், மேற்குக் கூட்டமைப்புச் சர்வகலாசாலைகள் வெற்றியை எப்படி விலை கொடுத்து வாங்குகின்றன என்பதைத் தொடர் கட்டுரைகளாக எழுதி அம்பலப்படுத்திக்கொண்டிருந்தார். நுழைவுத் தகுதி நிரம்பாத மாணவர்கள் சேர்க்கப்பட்டதும், வேலை என்ற பெயரால் கூலி வழங்கப்பட்டதும், வகுப்புக்கு வாராதவர்கள் தேர்ச்சி பெற்றதும் அவற்றில் இடம் பெற்றன. எக்கர்சாலின் கல்வித் தகுதியும் விசாரணைக்கு வந்தது. மற்றொரு புறம் சாவுக் கணக்கு. 'சிகாகோ ட்ரிப்யூன்' பத்திரிகை அவ்வாண்டில் நாடெங்கும் கால்பந்தால் மாண்டவர்கள் என்று எண்ணியது ஏறக்குறைய இருபது பேரை. அவர்களில் பெரும்பாலோர் கல்லூரிகளின் ஆட்டத்தைக் கண்டு அதைப் போலவே ஆட முயன்ற பள்ளிச் சிறுவர்களும் பிற வாலிபர்களுமே. ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை அக்டோபரிலேயே வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைத் திருத்துமாறு சொல்லியிருந்தார். நியூயார்க்கில் யூனியன் கல்லூரி மாணவர் ஒருவர் களத்திலே அடிபட்டு இறந்ததன் விளைவாகக் கூடிய மகாநாட்டிலிருந்துதான், பின்னாளில் நாடு தழுவிய கல்லூரி விளையாட்டுச் சங்கமாக வளர்ந்த ஸ்தாபனம் பிறந்தது. கொலம்பியா சர்வகலாசாலை ஆட்டத்தையே ஒழித்துவிட்டது. பசிபிக் கரையில் ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் ஆங்கிலேயரின் ரக்பி ஆட்டத்துக்கு மாறின.

சிகாகோவின் வெற்றி ஆரவாரம் அடங்குவதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1906 ஜனவரி 10ஆம் தேதி ஹார்ப்பர் காலமானார். 16ஆம் தேதி மார்ஷல் ஃபீல்ட் காலமானார். 19ஆம் தேதி, மிச்சிகனின் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சலின் அழைப்பின்பேரில், கூட்டமைப்பின் பேராசிரியர்கள் சிகாகோவில் கூடினார்கள். ஏஞ்சலுக்கு அப்போது வயது 77. முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சர்வகலாசாலையைப் பரிபாலித்து வந்தவர். சீனாவில் அமெரிக்கத் தூதராக இருந்த அனுபவமும் உடையவர். அத்தகைய நிதான புருஷர் அழைத்த கூட்டத்தில், ஆட்டத்தை இரண்டாண்டுக்கு நிறுத்திவிடலாம் என்ற அளவுக்குப் பேச்சு நடந்தது. மார்ச்சு மாதத்தில் மறுபடியும் கூடி முடிவு செய்த தீர்மானங்கள் அவ்வளவு கடுமையானவை அல்லவாயினும், அதுவரை எவரும் செய்யத் துணியாதவை. பருவத்துக்கு ஐந்து ஆட்டத்துக்கு மேல் கூடாது. முதலாண்டு மாணவன் ஆடலாகாது. ஒருவன் மூன்று ஆண்டுக்கு மேல் ஆடலாகாது, பட்டம் பெற்றவன் அறவே ஆடலாகாது. வீரர்களுக்குத் தனிப் பந்தி வைத்து உணவளிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பயிற்சியாளர் சர்வகலாசாலையின் நிரந்தர ஆசிரியராக, மற்ற ஆசிரியர்களுக்கு ஒத்த மிதமான சம்பளத்தில் இருக்க வேண்டும். மாணவரிடம் அனுமதிச் சீட்டுக்கு 50 சென்ட்டுக்கு மேல் வாங்கலாகாது.

இத்தீர்மானங்களுக்குப் பின்னிருந்து வேகம் ஊட்டியவர்களுள் விஸ்கான்சினின் சரித்திரப் பேராசிரியர் ஃபிரெடரிக் ஜாக்ஸன் டர்னர் முக்கியமானவர். அமெரிக்க ஜனநாயகத்தை உருவாக்கியது மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டேயிருந்த எல்லைப்புறமே என்ற புகழ் பெற்ற சித்தாந்தத்தை 1893இல் இதே சிகாகோ நகரில் வெளியிட்டவர் அவர். முரட்டு எல்லைப்புற வாழ்வை வியந்து எழுதிய அவரே முரட்டு ஆட்டத்துக்குப் பகைவராக நின்றது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. கால்பந்து ஒரு வியாபாரமாகிவிட்டது என்றும், அதைத் தொழிலாகக் கொண்டவர்கள் சர்வகலாசாலையின் பெயரைச் சொல்லி ஜனங்களிடம் வரி தண்டுகிறார்கள் என்றும் அவர் பகிரங்கமாகப் பேசினார். அதற்குப் பலன் என்ன? மாடிசன் மாணவர்கள் சிலர் துப்பாக்கியும் கையுமாகத் திரண்டு இரவில் அவருடைய வீட்டுக்கு ஊர்வலம் போனார்கள். ஆசிரியர்களின் உருவப் பொம்மைகளைக் கொளுத்தினார்கள். கால்பந்து எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கூச்சலிட்ட அக்கூட்டத்துக்கு எதிரே டர்னர் வாயிற்படியில் வந்து நின்று, ஆட்டம் மாணவர்களின் ஆட்டமாக மாறும் வரை கிடைக்காது என்ற பொருள்பட உறுதியாக விடையளித்தார். தமிழ்நாட்டில் இலக்கணத்துக்காகவும் சமயத்துக்காகவும் ஆசிரியர்கள் ஏச்சுக் கேட்ட வரலாறு உண்டு. பந்தாட்டத்துக்காக ஒரு சரித்திராசிரியர் துப்பாக்கி முனையில் நின்றதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

1906ஆம் ஆண்டுப் பருவம் இவற்றின் நிழலில் நடந்தது. நார்த்வெஸ்டர்ன் இரண்டு ஆண்டுக்கு ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. விஸ்கான்சின் சிகாகோவோடும் மிச்சிகனோடும் மின்னசோட்டாவோடும் மோதலாகாது என்று அதன் ஆசிரியர்களே தடுத்துவிட்டனர். சிறு எதிரிகளும் இரண்டாந்தர எதிரிகளுமாக ஐந்து அணிகளை வென்று அது பருவத்தை முடித்தது. சிகாகோவும் மிச்சிகனும் அவ்வாண்டு சந்திக்கவில்லை. மறுபடி அவை களத்தில் எதிரெதிரே நின்றது 1918இல்தான். ஆயினும் அந்த ஒடுங்கிய பருவத்தில்தான் ஆட்டமே புதுப் பிறவி எடுத்தது. பத்து கஜம் முன்னேறினாலன்றிப் பந்து நிற்காது என்று விதி மாறியது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்று புதிய விதி அனுமதித்தது. விஸ்கான்சின் மாநிலத்து வாகிஷா என்ற ஊரில் செப்டம்பர் மாதம் செயிண்ட் லூயி சர்வகலாசாலையின் வாலிபர் ஒருவர் அவ்வாறு எறிந்ததே விதிப்படி எறியப்பட்ட முதல் பந்து என்று வரலாறு குறிக்கிறது. திரளாகத் தள்ளும் முறை உடனே மாயவில்லை. ஆயினும் களம் விரிந்தது, கண்ணுக்கு ஆட்டம் தெரிந்தது, காண வருவோர் தொகையும் பெருகியது. ஆட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று கிளம்பிய கிளர்ச்சி, ஆட்டத்தை ஜனங்களுக்கு முன்னிலும் இனியதாக்கிவிட்டது.

ஏஞ்சலின் சீர்திருத்தத்தை முதலில் எதிர்த்துக் கிளம்பியது ஏஞ்சலின் சர்வகலாசாலைதான். மூன்றாண்டு விதி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களையும் பின்னோக்கிப் பாதிக்கும் என்றும், ஐந்து ஆட்டத்தின் வரும்படி மைதானச் செலவுக்குப் போதாது என்றும், தனிப் பந்தி ஒழிந்தால் வீரர்களின் உடல் நலம் கெடும் என்றும் மிச்சிகனின் மாணவர்களும் பழைய மாணவர்களும் ஆட்சேபம் கிளப்பினர். நிர்வாக சபையினர் அவர்கள் பக்கம் சாய்ந்தனர். பேராசிரியர்கள் கையிலிருந்த விளையாட்டு அதிகாரம் பறிபோயிற்று. 1908இல் மிச்சிகன் கூட்டமைப்பை விட்டே வெளியேறியது. ஐந்து ஆட்டம் என்ற எல்லை ஏழாக வளர்ந்தது. மிச்சிகன் 1917இல் திரும்பி வந்தபோது, ஒன்பதாண்டு அளவு தனியே நின்றதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. 1912இல் ஒஹையோ மாநிலச் சர்வகலாசாலை சேர்ந்திருந்தபடியால் அப்போது உறுப்பினர் பத்துப் பேர் ஆயினர்.

பேராசிரியர்கள் தோற்றதற்குக் காரணம் அவர்கள் கோழைகளாயிருந்தது அன்று. ஆட்டக்காரன் யார், எத்தனை ஆண்டு ஆடலாம், எங்கே உண்ணலாம் என்பவற்றையெல்லாம் நுணுக்கமாக விதித்தவர்கள், வாயிலில் வசூலாகும் பணம் யாரைச் சேர வேண்டும் என்பதை மட்டும் தொடாமல் விட்டார்கள். மாணவர் சீட்டுக்கு 50 சென்ட் என்று கட்டியது ஒன்றே அவர்கள் பணத்தின் மேல் வைத்த கை. வருமானம் கால்பந்திலிருந்தே வரவேண்டும் என்று ஆன பிறகு, வருமானத்தைக் குறைக்கும் விதி எதுவும் நிலைக்க மாட்டாது. இவ்வளவு படித்தவர்கள் கூடிய சபையில் இந்த எளிய கணக்கு எவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பே.

பிற்காலத்துக் கதையை விரிக்க வேண்டியதில்லை. 1922இல் ஒஹையோவும், 1923இல் இல்லினாயும், 1927இல் மிச்சிகனும் பல்லாயிரம் ஜனங்கள் அமரத்தக்க பெரும் அரங்குகளை எழுப்பின. மிச்சிகன் அரங்கைக் கடன் பத்திரம் விற்றுக் கட்டி முடித்தவர், ஒரு காலத்தில் ஓர் ஆட்டத்துக்காகக் கல்லூரி மாறிய அதே யோஸ்ட். விதி மீறல்களைக் கண்காணிக்க 1922இல் ஓர் ஆணையர் நியமிக்கப்பட்டார். 1929இல் அயோவா சில காலம் விலக்கி வைக்கப்பட்டது. தொலைக்காட்சி வந்த பிறகு பேராசிரியப் பிரதிநிதிகள் கூடுவது சடங்கு அளவில் நின்றது. 2022இல் கூட்டமைப்பு செய்துகொண்ட தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் மதிப்பு ஏழாண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. 2024இல் பசிபிக் கரையிலிருந்து நான்கு சர்வகலாசாலைகளைச் சேர்த்துக்கொண்டு, பெயரில் பத்தும் தொகையில் பதினெட்டுமாக அது நிற்கிறது. 2025 முதல் நீதிமன்ற உடன்படிக்கையின்படி சர்வகலாசாலைகளே ஆட்டக்காரர்களுக்கு நேராகப் பணம் வழங்குகின்றன.

சிகாகோவைப் பற்றிச் சொல்ல வேண்டியது சிறிது உண்டு. ஸ்டாக் 41 பருவங்கள் பயிற்சியளித்த பின், எழுபது வயது ஆகிவிட்டது என்பதற்காக 1932இல் விலக்கப்பட்டார். ராபர்ட் ஹட்சின்ஸ் தலைவராக இருந்த காலம் அது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நம் சுப்ரமண்யன் சந்திரசேகர் 1937இல் அச்சர்வகலாசாலையின் வானியல் துறையில் சேர்ந்ததும் இந்த ஹட்சின்ஸ் காலத்திலேதான். அறிவாளிகளைத் தேடிச் சேர்த்த அவர் ஆட்டக்காரர்களைத் தேட மறுத்தார். 1939இல் மிச்சிகன் சிகாகோவை 85 - 0 என்று நசுக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் ஹட்சின்ஸ் கால்பந்தையே ஒழித்தார். ஆட்டம் ஒழிந்த மைதானத்தின் மேற்குப் படிக்கட்டுக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2ஆம் தேதி விஞ்ஞானி ஃபெர்மியும் அவருடைய சகாக்களும் அணுவின் தொடர்வினையை முதன்முதலாக நிகழ்த்திக் காட்டினர். 1946இல் சிகாகோ கூட்டமைப்பை விட்டு விலகியது; பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது சர்வகலாசாலையின் பெரிய நூலகம் இருக்கிறது. கால்பந்தை அது 1969இல் மீண்டும் தொடங்கியது. ஆனால் பெரிய பந்தயங்களில் கலந்துகொள்வதில்லை, மூன்றாம் பிரிவில் தன்னையொத்த கல்லூரிகளோடு ஆடுகிறது. 1906இல் பேராசிரியர்கள் விரும்பிய ஆட்டத்துக்குச் சமீபமான ஆட்டத்தை அன்றைய ஒன்பது சர்வகலாசாலைகளுள் இன்று ஆடுவது, அவர்களை மிகவும் அலைக்கழித்த சிகாகோ ஒன்றே. அங்கே பந்தாடுவதற்காக உபகாரச் சம்பளம் எவருக்கும் கிடையாது.